சர்க்கரை தூக்கலாக ஒரு டீ

போன் அலறியது!

டிரைவர் பதறிப் போய் ரிசீவரை எடுத்தார். கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

நல்லவேளை... மனைவி எழுந்திருக்கவில்லை.

"ஹலோ..." என்றார், கிசுகிசுப்பாக.

"சார், கப்பலோட பாதுகாப்பு அதிகாரி பேசறேன்." பெண் குரல். கண்டிப்பான குரல். "லைஃப் ஜாக்கெட் பயிற்சிக்கு எல்லாரும் மேல்தளத்துக்கு வந்துட்டாங்க. உங்க அறையில மட்டும் ரெண்டு பேர் பாக்கி."

"சம்சாரம் தூங்கறாம்மா. கொஞ்சம் அசதி..."

"எழுப்பிக் கூட்டிட்டு வாங்க சார். எல்லாரும் வந்தாதான் கப்பலை எடுப்பாங்க. அது சட்டம்."

"அவ தூங்கும்போது எழுப்பக் கூடாதும்மா. எங்க வீட்ல அதுவும் சட்டம்!"

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. "இன்னிக்கு ஒரு நாள் மீறுங்க சார்!"

அவரும் சிரித்துக்கொண்டே ரிசீவரை வைத்தார்.

வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர் அவர். தினமும் காலையில் அதே பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போன டீச்சர்தான் அவள். கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சிக்னலையே கோட்டை விட்டார். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் 'டீச்சர்'தான். அவளுக்கு அவர் 'டிரைவர் சார்'தான்.

இப்போது கல்யாண நாளுக்குப் பரிசாக ஒரே பையன் அனுப்பி வைத்த கப்பல் பயணம். இருவரும் சேர்ந்து வெளியூர் போவதே இதுதான் முதல் தடவை.

"டீச்சர்... எழுந்திரு. பெல் அடிச்சாச்சு."

தலையணைக்குப் பக்கத்தில், துண்டை மடித்துச் செய்த அன்னம் ஒன்று கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தது. அறைக்குள் நுழைந்ததும் அதைப் பார்த்துத்தான் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

டிரைவர் அலமாரியைத் திறந்து, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். கண்ணாடியில் பார்த்தார். மூட்டை கட்டி வைத்த மாதிரி இருந்தது.

"இங்க பாரு. என் கோலத்தைப் பாத்து ஒரு தடவை சிரிச்சிடு. அப்புறம் தூங்கு!"

தோளைத் தொட்டு அசைத்தார்.

டீச்சரின் கை கட்டிலை விட்டுச் சரிந்தது... தொங்கியது.

தொட்டார்.

சில்லிட்டிருந்தது!

"டீச்சர்...!"

அந்த அலறல் நடைபாதையின் கடைசிக் கதவு வரைக்கும் கேட்டது.

* * *

கப்பல் டாக்டர் நிமிர்ந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"மன்னிச்சிடுங்க சார். உயிர் போய் நேரமாச்சு."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"நான் பக்கத்துலயேதானே டாக்டர் இருந்தேன்? பால்கனியில உக்காந்து கிரேன் மூட்டை தூக்கறதை வேடிக்கை பாத்துட்டிருந்தேன். இவ இங்க..."

கட்டிலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

வெள்ளைச் சீருடையில் நின்ற பாதுகாப்பு அதிகாரியை டாக்டர் ஓரமாக அழைத்தார். அறை சின்னது. ஓரமும் சின்னது. பேசியது டிரைவர் காதில் விழுந்தது.

"உதடு நீலமா இருக்கு. மூச்சு கொஞ்சம் கொஞ்சமா அடங்கின மாதிரி தெரியுது. இது சாதாரண சாவு இல்லைன்னு நினைக்கிறேன்."

"விஷமா?"

"தூக்க மாத்திரையா இருக்கலாம். அளவு கடந்து..."

"அவளுக்கு மாத்திரைன்னாலே ஆகாது டாக்டர்!" டிரைவர் எழுந்துவிட்டார். "தலைவலிக்குக் கூடப் போட்டுக்க மாட்டா."

அதிகாரி அவரை மறுபடி உட்கார வைத்தாள். எதிரில் அமர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். கண்ணில் கண்டிப்பு இருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் ஈரமும் இருந்தது.

"சார், கப்பல் கரையில இருக்கறப்பவே எனக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். காலையிலேர்ந்து நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க."

"பையன்தான் துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வந்தான்."

"அவரோட கார்லயா?"

"இல்லம்மா. டாக்ஸி. கார் ரிப்பேர்னு ஷெட்ல விட்டிருக்கான். பெட்டியை எல்லாம் அவனே இறக்கி, அடையாளச் சீட்டு கட்டி, ஆளுங்ககிட்ட ஒப்படைச்சான். ஏறதுக்கு நேரம் இருந்துச்சு. பிளாஸ்க்கைத் திறந்து அவங்கம்மாவுக்கு டீ ஊத்திக் குடுத்தான். அவன் கையால போட்டது."

"உங்களுக்கு?"

"எனக்குச் சர்க்கரை வியாதி. 'அப்பா, இது அம்மாவுக்கு மட்டும்'னு சொன்னான். இவ குடிச்சிட்டு, 'சர்க்கரை தூக்கலா இருக்கேடா, லேசா கசக்கவும் செய்யுது'ன்னா. 'புது டீத்தூள்மா'ன்னான். மிச்சம் இருந்த பிளாஸ்க்கை இவ வாங்கித் தன் கைப்பையில வெச்சுக்கிட்டா."

அதிகாரியும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிரைவர் அதைக் கவனிக்கவில்லை.

"கப்பலுக்குப் போற பாலத்துல ஏறும்போதே இவளுக்குக் கால் பின்னிச்சு. வாசல்ல போட்டோ எடுத்தாங்க பாருங்க... அதுலயே கண்ணு சொக்கித்தான் இருக்கும். கேலி பண்ணேன். 'முதல் நாளே கிளாஸ்ல தூக்கமா டீச்சர்'னேன். அறையைப் பாத்ததும் சின்னப் பொண்ணு மாதிரி எல்லாத்தையும் திறந்து திறந்து பாத்தா. குளியலறை, அலமாரி, பால்கனிக் கதவு... அப்புறம் பால்கனி நாற்காலியில உக்காந்துட்டு, 'டிரைவர் சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நம்ம பையனோட கார்...'னு ஆரம்பிச்சா."

"கார்...?"

"நான்தான் சொல்ல விடலம்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டுக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம், கொஞ்சம் படுன்னேன். கப்பல் கிளம்பறப்போ எழுப்பறேன்னேன். 'மறக்காம எழுப்புவீங்கல்ல?'ன்னு கேட்டா..."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஆரஞ்சு ஜாக்கெட் குலுங்கிக் குலுங்கி அழுதது.

அதிகாரி காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், கேக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இந்த அறையில இருந்தது நீங்க ரெண்டு பேர்தான்..."

அவர் நிமிர்ந்தார். "நான் கொன்னுட்டேன்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்லைன்னு தெரிஞ்சா நிம்மதியாயிடுவேன்."

டாக்டர் அதற்குள் டீச்சரின் கைப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்திருந்தார். திறந்து, உள்ளே டார்ச் அடித்தார்.

"மேடம், இங்க பாருங்க. அடியில வெள்ளையா ஏதோ தங்கியிருக்கு."

"சர்க்கரையா இருக்கும்!" டிரைவர் பாய்ந்தார். "அது என் பையன் போட்ட டீ! அவங்கம்மாவுக்காகப் போட்ட டீ! என்னை என்ன வேணா சொல்லுங்க, அவனைச் சொல்லாதீங்க. குடுங்க இப்படி... நானே குடிச்சுக் காட்டறேன்!"

பிளாஸ்க்கைப் பிடுங்கினார். மூடியில் மிச்சத்தைக் கவிழ்த்தார்.

அதிகாரி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சார்! பைத்தியமா உங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து டிரைவரின் சட்டைப்பையில் செல்போன் சிணுங்கியது.

திரையில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பேசப் போறீங்க?" அதிகாரியின் குரல் தாழ்ந்தது. "அம்மா போயிட்டாங்கன்னு இப்ப சொல்லிடாதீங்க. தயவுசெஞ்சு..."

"சொல்லல. இந்த டீயைக் குடிக்கட்டுமான்னு கேக்கறேன்." அவர் கண்ணில் பிடிவாதம். "குடிங்கப்பான்னு அவன் சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அவர் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன்."

"விழத்தான் போறீங்க!"

ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா!" உற்சாகமான குரல். "பால்கனிக்கு வாங்க! நான் கீழேதான் நிக்கறேன். கை காட்டறேன் பாருங்க!"

ஒரு கையில் போன், இன்னொரு கையில் மூடி. டிரைவர் வெளியே வந்தார். அதிகாரி கதவோரம் மறைந்து நின்றாள்.

கீழே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், வழியனுப்ப வந்த கூட்டம். நடுவில் நீலச் சட்டையில் அவன். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து இப்படித்தான் ஆட்டினான்.

"தெரியறேனாப்பா?"

"தெரியறேடா தம்பி."

"அம்மா எங்கே?"

"தூங்கறா."

"தூங்கட்டும்பா. எழுப்பாதீங்க."

டிரைவர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"எனக்குத்தான் தொண்டை வறண்டு போச்சு. நீ குடுத்த பிளாஸ்க்ல கொஞ்சம் டீ மிச்சம் இருக்கு. குடிச்சுக்கறேன்."

கீழே ஆடிக்கொண்டிருந்த கை... அப்படியே நின்றது!

"வேணாம்பா. சர்க்கரை நிறைய போட்டிருக்கேன். உங்களுக்கு ஆகாது."

டிரைவரின் முகம் மலர்ந்தது. கதவுப் பக்கம் திரும்பினார். 'பாத்தீங்களா? சர்க்கரைக்காகத்தான்! என் உடம்புக்காகத்தான்!' என்றது அவர் பார்வை.

அதிகாரி தலையசைக்கவில்லை. அது வெறும் சர்க்கரையாக இருக்க வேண்டும் என்றுதான் அவளும் விரும்பினாள் போல. ஆனால் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். இன்னொரு தடவை...

"ஒரு வாய்தானேடா. ஒண்ணும் ஆகாது."

"கப்பல்ல வேற டீ கிடைக்கும்பா. சர்க்கரை இல்லாம கேட்டு வாங்கிக்குங்க."

"கிடைக்கும். நீ போட்ட டீ கிடைக்குமா? மூடியில ஊத்திட்டேன். இதோ பாரு..."

கீழிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும்படி மூடியை உயர்த்தினார். உதடு வரைக்கும் கொண்டு போனார்.

சொல்லுடா... குடிங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுடா... சொல்லித் தொலைடா என் ராஜா...

"அப்பாஆஆ...!"

போனிலும் கேட்டது. கீழேயிருந்து நேராகவும் கேட்டது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"குடிக்காதீங்கப்பா! கீழ ஊத்துங்க! உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னப்பா பண்ணுவேன்? அது உங்களுக்கு இல்லப்பா!"

டிரைவர் மூடியை இறக்கினார்.

பாசம்தான். அப்பாவின் மேல் வைத்த பாசம்தான் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"அப்ப... யாருக்குடா?"

போனில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

அதிகாரி வாக்கி டாக்கியை உயிர்ப்பித்தாள். "துறைமுக வாசலை மூடுங்க. போலீசுக்குச் சொல்லுங்க. நீலச் சட்டை போட்ட ஆள்..."

அவன் ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போன் மட்டும் காதிலேயே இருந்தது.

"கார்ல ஒருத்தரை இடிச்சிட்டேன்பா. காலையில நடக்க வந்த பெரியவர். நிக்காம வந்துட்டேன். அவர் பிழைக்கல. அம்மா ஷெட்டுக்கே போய் காரைப் பாத்துட்டாங்க. 'பயணம் முடியற வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள நீயா போலீஸ்ல சொல்லிடு. இல்லேன்னா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்'னாங்க. அம்மா சொன்னா செய்வாங்கப்பா... உங்களுக்கே தெரியுமே!"

"எங்கிட்ட வந்திருக்கலாமேடா..."

"உங்ககிட்டயா? நீங்க காப்பாத்தியிருப்பீங்களாப்பா?"

டிரைவர் கீழே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

"மாட்டேன். உங்கம்மா சொன்னதையேதான் நானும் சொல்லியிருப்பேன். நீ எனக்கும் சேர்த்து டீ போட்டிருப்பே."

கீழே அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். துறைமுகக் காவலர்கள் இரண்டு பேர் வந்து அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பி மேலே பார்த்தான்.

டிரைவரின் கை தன்னை அறியாமல் பாதி உயர்ந்தது. உடனே இறங்கியது.

* * *

மேல்தளத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு சின்னத் தடங்கலால் கப்பல் தாமதமாகப் புறப்படும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. யாரோ கதவைத் தட்டி, இரண்டு பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றின் கைப்பிடியில், தொலைந்து போகாமலிருக்க டீச்சர் கட்டி வைத்த சிவப்பு ரிப்பன்.

அதிகாரி அவருடைய ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். அவர் சின்னப் பிள்ளை போலக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க ஐயா."

"உங்க வேலையைத்தானேம்மா செஞ்சீங்க." டீச்சரின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "இவ இருந்திருந்தா உங்களுக்கு முழு மார்க் போட்டிருப்பா."

"கீழ ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். நீங்களும் இறங்கணும்."

"வர்றேம்மா. அவளைத் தனியா அனுப்பிப் பழக்கமில்லை."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். அது அவள் வேலை.

"ஐயா... உங்க மத்த பிள்ளைங்க யாருக்காவது தகவல் சொல்லணுமா?"

டிரைவர் சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரே பையன்மா. அவனுக்கு எனக்கு முன்னாடியே தெரியும்!"