பசைக்குச்சி

ஒலிப்பெட்டியின் பேட்டரி கிறிஸ்தல்லாவின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் ஆலிவ் தோப்பில் கருந்தலைக் குருவி பாடிக்கொண்டிருந்தது.

விடியப் போகிற நேரம். கொழுந்தன் பம்போஸ் மரத்தில் ஒளித்து வைத்திருந்த அந்தப் பெட்டியை நேற்று மாலைதான் அவள் பிடுங்கி எறிந்தாள். அதிலிருந்து வரும் பாட்டைக் கேட்டு, கடல் தாண்டிச் சைப்ரஸுக்கு வரும் குருவிகள் தோப்பில் இறங்கும். கிளையில் சொருகிய பசைக்குச்சியில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். மதியம் உணவகத்துத் தட்டில் முழுசாக வெந்து கிடக்கும். கணவன் இருந்தவரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு, ஒட்டிய சிறகுகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து, எச்சிலால் பசையை இளக்கிப் பறக்கவிட ஆரம்பித்தாள்.

"எத்தனையத்தான் நக்கி விடுவீங்க அண்ணி? நாக்குதான் தேஞ்சு போகும்," என்று நேற்று பம்போஸ் சிரித்தான்.

"தேயட்டும். இது என் தோப்பு. இனிமே இங்க ஒரு உசுரும் சாகாது."

"பெட்டி இல்லாட்டி என்ன? எனக்கு வாயாலயே கூப்பிடத் தெரியும். காலையில வர்றேன், முடிஞ்சா தடுங்க."

சொன்னபடி வந்துவிட்டான் போலிருக்கிறது. அவள் செருப்பை மாட்டினாள். குருவிச் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் பாயும் பூனை ரோதி, இன்று மேசைக்கு அடியில் வால் புடைக்கப் பதுங்கியிருந்தது.

வெளியே ஈர மண்ணின் வாசனையும் கடல் உப்பும், அவற்றின் மேல் பழத்தையும் தேனையும் காய்ச்சிய பசையின் திகட்டும் இனிப்பும் கனமாகக் கவிந்திருக்க, மரங்களுக்கு நடுவே அந்தப் பாட்டு ஏறியும் இறங்கியும் ஒழுகிக்கொண்டே இருந்தது. பத்து மரம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பாடுகிறவன் மூச்சு வாங்கவே இல்லை.

பாதையில் பம்போஸின் பூட்ஸ் ஜோடியாக நின்றது. கயிறு அவிழ்க்கப்படவில்லை.

கிழட்டு ஆலிவ் மரத்தைச் சுற்றி ஊர்ப் பூனைகள். நீண்ட கால்களும் அகன்ற தோள்களும் கொண்ட, பாம்பையே உதறிக் கொல்லும் சைப்ரஸ் பூனைகள். எல்லாம் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"பம்போ, இறங்கு. விளையாடாத."

பாட்டு நின்றது.

திரும்பி ஓடிவிடலாம். கால் அதற்குத்தான் தவித்தது. அவள் ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

கிளை முழுவதும் பசை மினுங்கியது. அதில் அவன். தலைகீழாக. கைகள் விரிந்து. கண்கள் அவளையே பார்த்தன. வாய் திறந்தது.

குருவியின் குரல்.

பூனைகள் ஒன்றாக எழுந்தன.

"போங்க," என்றாள் பூனைகளிடம். "சொன்னா சொன்னதுதான். இங்க ஒரு உசுரும் சாகாது."

எட்டி அவன் கையைப் பிடித்தாள். குளிர். விரலை வாயில் வைத்தாள். பசை மெல்ல இளகியது. கழன்றது.

நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். சின்ன, சாம்பல் நிற இறகு. வேரில் ரத்தம், அவன் விரல் தோலிலிருந்து பிடுங்கியதுபோல.

துப்பினாள். அடுத்த விரலை வாயில் வைத்தாள்.

பூனைகள் ஓரடி நெருங்கின.