தோளில் இருந்த கை

மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் சாமான் வண்டி அந்தப் பழைய வீட்டின் முன்னால் வந்து நின்றது. மாடி வைத்த பெரிய வீடு. வெளிச்சுவரில் பாசி, ஜன்னல் கம்பிகளில் துரு. சொந்தக்காரர்கள் வேறெங்கோ இருந்தார்கள். படப்பிடிப்புக்கு விடுவதற்கென்றே வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் நாள்பட மூடிக்கிடந்த துணிப்பெட்டியின் வாடை முகத்தில் அடித்தது.

"பேய் வீடு மாதிரியே இருக்குடா," என்றார் கேமராமேன், சந்தோஷமாக. "நமக்கு வேலை மிச்சம்."

கலை உதவியாளன் ஆணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். படக்குழுவில் எல்லோரும் அவனை 'சுவரு' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதும் அதில் படம் மாட்டுவதும் அவன் வேலை. மனைவி இறந்த பிறகு பேச்சும் சுவரைப் போல ஆகிவிட்டதால் அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

வாரக் கடைசியில் தொலைக்காட்சியில் போடுகிற திகில் படம் அது. ஒரு குடும்பம், அது மூடி மறைக்கும் ஒரு ரகசியம், மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொல்லப்படும் ஒரு மருமகள். டைரக்டர் இந்த வகையில் கை தேர்ந்தவர். "நம்ம படத்துல கொலைகாரன் வெளியிலேர்ந்து வரவே மாட்டான்யா," என்பார். "வீட்டுக்குள்ளயே இருப்பான். எல்லாருக்கும் காபி போட்டுக் குடுப்பான்."

கூடத்துச் சுவரில் இறந்த மருமகளின் படம் தொங்க வேண்டும். அதற்குப் பேசி வைத்திருந்த நடிகை கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாள். "செத்தவளா சுவர்ல தொங்க மாட்டேன் சார். எங்கம்மா பாத்தா அழுவாங்க." மேக்கப் போடும் பெண் மாட்டேன் என்றாள். டைரக்டரின் மனைவி, அவர் கேட்டு முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

"உங்க மாமியார் படம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார் கேமராமேன்.

"அவங்க உயிரோட இருக்காங்கய்யா. பிரச்சினையே அதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சுவரு தன் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றான். அதில் ஒரு பெண் உதடு பிரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது உன் வொய்ஃப் இல்ல?" என்றார் டைரக்டர்.

"ஆமா."

"உனக்குப் பரவாயில்லயா?"

"அவளுக்கு இனிமே என்ன சார் ஆயிடப் போகுது?"

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று எடுத்த படம். கட்டிலில் மனைவி, மடியில் குழந்தை, பக்கத்தில் அவன். தன்னையும் குழந்தையையும் வெட்டிவிட்டு, அவள் முகத்தையும் தோள்களையும் மட்டும் பெரிதாக்கி அச்செடுத்தான். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். வெட்கப்பட்டு எந்தப் படத்திலும் வாயைத் திறந்து சிரித்ததில்லை. இதிலும் அப்படித்தான். கண்ணாடி போட்ட சட்டத்தில் வைத்துக் கூடத்தில் மாட்டினான். தூரத்திலிருந்து பார்த்து, சற்றே சாய்ந்திருந்ததை நேராக்கினான். அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

அவள் போனபோது அவன் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். டாக்டரும் அதைத்தான் சொன்னார். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்த அக்கா அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது அவன் குழந்தையையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பாப்பாவுக்குப் பத்து மாதம். அம்மாவின் நோய் அப்படியே வந்திருந்தது. மழை நாளில் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஒன்றுதான் அவனை அவ்வப்போது உறுத்தும். வெளியூர் கிளம்பிய அன்று வாசலில் மனைவி சொன்னது. இருவரும் தனி வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அக்காவிடம் சொல்ல அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

"நீ சொல்ல மாட்டே. நானே சொல்லிக்கிறேன்."

சொன்னாளா என்று அவனுக்குத் தெரியாது. அவள் இறந்த அன்று தானும் அவளும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்று அக்கா அழுதபடி சொல்லியிருந்தாள்.

முதல் காட்சிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது கேமராமேன் அவனைக் கூப்பிட்டார்.

"சுவரு, இங்க வா. தோள்ல ஒரு கை இருக்கே. யார் கை?"

மானிட்டரில் பார்த்தான். அவளுடைய இடது தோளில், நீல உடையின் மேல், பின்னாலிருந்து வந்த நான்கு விரல் நுனிகள்.

"என் கையா இருக்கும். வெட்டும்போது மிஞ்சியிருக்கும்."

"ஆளை வெட்டிட்டு கையை விட்டுட்டியேடா."

அச்சை வெளியே எடுத்து, அந்த இடத்தில் நீலத்தைத் தொட்டுப் பூசி, காயவைத்து மாட்டினான்.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தவன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டான்.

இப்போது மணிக்கட்டு வரை தெரிந்தது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரல்கள் படிந்திருந்தன. அவன் பூசிய நீலம் அழியாமல் அப்படியே இருந்தது.

கை அதன் மேல் இருந்தது.

மெலிந்த கை. சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த விரலை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில், காற்றில் அறைந்து சாத்திய கதவு அவன் தலையில் இடிக்காமல் இருக்க ஒரு கை குறுக்கே வந்தது. அன்று ஒடிந்த விரல் கோணலாகவே கூடியது. அவனுக்கு ஊட்டிவிட்ட கை. காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை.

கைபேசியில் மூலப் படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். அவனுடைய இரண்டு கைகளும் குழந்தையின் துண்டைப் பிடித்திருந்தன. மனைவியின் தோளில் எதுவும் இல்லை. வெறும் நீலத் துணி.

அந்தப் படத்தை எடுத்ததே அக்காதான்.

புதிதாக அச்செடுத்து மாட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் ஒரு கை தெரிந்தது என்பதற்காக வளர்த்தவளைச் சந்தேகிப்பதா? ஆனாலும் அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, தான் சொல்லப்போவது தனக்கே தெரியாமல், வாய் திறந்தது.

"அக்கா, பாப்பாவக் கொஞ்ச நாள் அவ பாட்டி வீட்டுல விடலாம்னு இருக்கேன்."

அக்கா பாப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கொஞ்ச நாள்னா?"

"தெரியல. நானும் அங்கேர்ந்தே வேலைக்குப் போயிட்டு வருவேன்."

"நேத்து வரைக்கும் எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியாத்தானே போனே? இன்னைக்கு யாரு என்ன சொன்னா உனக்கு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

துண்டை மடித்து வைத்துவிட்டு "சரி" என்றாள். எப்போதும் போல ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று எடுக்க வேண்டியது இரவுக் காட்சி. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தார்கள். வெளியே நல்ல பகல். உள்ளே கும்மிருட்டு. நனைந்த துணியின் வாடை. மழைச் சத்தம்கூடத் துணிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஒரே ஒரு விளக்கு மட்டும் படத்தின் மேல் விழுந்தது.

"படத்துக்கு குளோசப்," என்றார் டைரக்டர். "மெதுவா கிட்டப் போங்க. எல்லாரும் அமைதி."

கேமரா நகர்ந்தது. சுவரு மானிட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நெற்றி. கண்கள்.

சிரிப்பைக் காணவில்லை.

அந்தக் கை அவள் வாயை மூடியிருந்தது.

கேமராமேன் கண்ணை எடுக்காமலே முணுமுணுத்தார். "சுவரு... நீ எதையாவது மாத்தினியா?"

கண்ணாடியில், அந்த விரல்களுக்கு நேராக, ஒரு சின்ன வெண்படலம் தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது. லைட்மேன் எட்டித் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார். "யாருக்குய்யா மூச்சு இழுக்குது?"

ஹெட்போனை மறுபடி காதில் அழுத்தினார்.

"விசில் மாதிரி கேக்குது. ரெண்டு பேருக்கு." அவர் இன்னும் உற்றுக் கேட்டார். முகம் மாறியது. "ஒண்ணு பெரியவங்க. இன்னொண்ணு... கைக்குழந்தை மாதிரி இருக்கு."

அவன் அதற்குள் ஓடியிருந்தான்.

பைக்கை எடுக்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மழை முகத்தில் அறைந்தது. எந்தத் தெருவில் திரும்பினான், எங்கே பிரேக் பிடித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. மனைவி செத்த செய்தி வந்தபோதுகூட அடித்துக்கொள்ளாத நெஞ்சு இப்போது அடித்துக்கொண்டது.

வீட்டுக் கதவு தாழிடாமல் இருந்தது.

படுக்கையறையில் பாப்பா கட்டிலில் கிடந்தாள். உதட்டைச் சுற்றி லேசான நீலம். ஆனால் மூச்சு இருந்தது. அலமாரியிலிருந்து இழுப்பு மருந்தை எடுத்து, அதன் சின்ன முகமூடியை மூக்கில் வைத்து அழுத்தினான். விசில் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. பாப்பா அவனைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் வெறும் சுவரைப் பார்த்து, "ம்மா" என்றாள்.

அப்போதுதான் அக்காவைக் கவனித்தான். அறையின் எதிர் மூலையில், தரையில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டில் ரத்தம்.

"என்னக்கா கையில?"

"கடிச்சுட்டா."

"யாரு?"

"பாப்பாதான். வேற யாரு இருக்கா வீட்டுல?" சொல்லும்போது அவள் கண் கட்டிலின் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

அவன் குனிந்து துண்டைப் பிரித்தான். உள்ளங்கையின் ஓரத்தில் மேலும் கீழும் முழு வரிசையாகப் பல் பதிந்திருந்தது. பாப்பாவுக்கு முளைத்திருப்பது முன்னால் நாலே நாலு பல்.

மேல்வரிசைத் தடத்தில் ஒரு பல் மட்டும் வரிசையை விட்டுத் தள்ளிப் பதிந்திருந்தது.

அவன் அதையே பார்த்தான். பிறகு எழுந்து, பாப்பாவைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டான். மருந்தைப் பையில் வைத்தான்.

"எங்க கெளம்புறே? நீயும் அவள மாதிரியே பையைத் தூக்கிட்டு நிக்கிறே. அவளும் இப்படித்தான், நாங்க தனியாப் போறோம்னு மூஞ்சிக்கு நேரா..."

நிறுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் பேசவே இல்லன்னு சொன்னியேக்கா."

அக்கா துண்டை எடுத்து மறுபடி கையில் சுற்றினாள்.

"அவளுக்கு மூச்சு இழுத்தப்போ நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதான் தம்பி," என்றாள் அக்கா மெதுவாக. "அவ தோள் மேல கைய வெச்சு, தடவிக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் வாசலுக்கு நடந்தான். பின்னால் அவள் தரையில் தவழ்ந்து வரும் சத்தம் கேட்டது. அவனை வளர்த்த குரல் அவன் அதுவரை கேட்டிராத குரலாக மாறியிருந்தது.

"போகாத தம்பி. இவகூட என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

"பாப்பாவத்தான் கூட்டிட்டுப் போறேனே."

"நான் பாப்பாவச் சொல்லல."

கதவைச் சாத்தினான்.

மழைக்காக பைக்கை விட்டுவிட்டு ஏறிய டாக்ஸியில் பாப்பா அவன் மார்பில் தூங்கிப்போனாள். மூச்சு ஒரே சீராக வந்தது. கைபேசி அடித்தது. கேமராமேன்.

"எங்கடா ஓடிட்டே? இங்க டைரக்டர் கத்திட்டு இருக்காரு. கண்டினியூட்டி போச்சு. முதல் நாள் எடுத்ததுல உன் வொய்ஃப் வாயை மூடிட்டுச் சிரிக்கிறாங்க. இப்ப பல்லு தெரியுது. எப்படா படத்தை மாத்தினே?"

"மாத்தல. அந்தக் கை இருக்கா?"

கேமராமேனின் குரல் தாழ்ந்து வந்தது.

"இருக்கு. ஆனா இப்ப அவங்க அதைப் பிடிச்சிட்டு இருக்காங்கடா. மணிக்கட்டுல. இறுக்கி. விடுற மாதிரி தெரியல."

அவன் போனை வைத்தான். வைத்த உடனே மறுபடி அடித்தது. வீட்டு எண். நெடுநேரம் அடிக்கவிட்டுவிட்டு எடுத்தான்.

"அக்கா?"

பேச்சு இல்லை. இழுப்பு மட்டும் கேட்டது. விசில் மாதிரி மெல்லியதாக, ஒவ்வொரு தடவையும் இன்னும் குறுகி, இன்னும் தூரமாக.

அக்காவுக்கு வீசிங் இருந்ததே இல்லை.