ஹீட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது

மதியம் இரண்டு நாற்பது.

பட்டறையில் போன் அடித்தது.

கரன்ட்டு எடுக்கவில்லை. யாரென்று தெரியும். பல் டாக்டர்.

கார் வயரிங் பார்க்கிற அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையோடு சரி. பத்தொன்பது வருஷமாக ஊருக்கு அவன் கரன்ட்டுதான். செய்த வேலை திரும்பி வந்ததில்லை என்று ஒரு கர்வமும் உண்டு.

டாக்டரின் பழைய கார் அந்தக் கர்வத்தை நான்கு நாளாக மென்று துப்பிக்கொண்டிருந்தது.

ஹீட்டர் ஃபேன் ஓடவில்லை. புகார் இவ்வளவுதான்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. இருந்தும் மாற்றினான். ஸ்விட்சை மாற்றினான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டரை மாற்றினான். மோட்டாரைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தான். சுற்றியது. வண்டியில் அதற்கு வருகிற ஒயரில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட், சுத்தமாக. சரி என்று மோட்டாரை மாட்டினான்.

அசையவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் டேஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

ஃபேன் ஓடியது!

ஏன் ஓடியது? தெரியாது. ஓடுகிறபோதே டாக்டரை வரவழைத்து வண்டியைத் தள்ளிவிட்டான். என்னதான் கோளாறு என்று அவர் கேட்டார். லூஸ் கனெக்‌ஷன் என்றான். தெரியாத வியாதிக்கெல்லாம் அவனுடைய தொழிலில் அதுதான் பெயர்.

இன்று காலை ஒன்பது மணிக்கு டாக்டர் போனில் பிடித்தார். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் ஃபேன் நின்றுவிட்டதாம். அவனுடைய கை, அவனுடைய பட்டறை, அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்று வரிசை தவறாமல் திட்டினார். மதியத் தூக்கம் போனதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். குளிர்காலம் முழுக்க, கிளினிக்கின் பின்முற்றத்தில், வண்டிக்குள் சீட்டைச் சாய்த்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் சூட்டில் ஒரு மணி நேரம் தூங்குவார். அது இல்லையென்றால் மதியத்துக்கு மேல் கை நடுங்கும் என்பார். பல் பிடுங்குகிறவருக்குக் கை நடுங்கலாமா?

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

போன் மறுபடி அடித்தது. எடுத்தான்.

"கொண்டு வாங்க டாக்டர். இன்னைக்கு அதை அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சிடறேன்."

"டாக்டர் பேசலை," என்றது ஒரு பெண் குரல். "இன்ஸ்பெக்டர் பேசறேன். அவர் போன்ல கடைசியாப் பேசின நம்பர் உன்னுது. டாக்டர் செத்துட்டார். வண்டிக்குள்ளயே."



"எப்படி மேடம்?"

"எஞ்சின் புகை. உள்ள ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல ஓடிக்கிட்டிருந்தது. நீ ரிப்பேர் பண்ணின ஃபேன்தானே?"

"ஓடுதா?"

மறுமுனையில் ஒரு தும்மல் கேட்டது.

"ஒரு மனுஷன் செத்துட்டார்ங்கறேன். நீ ஃபேன் ஓடுதான்னு கேக்கற. கிளம்பி வா."

*

பின்முற்றம் ஒரு கார் நிற்கிற அளவுதான். மூன்று பக்கமும் செங்கல் சுவர், அதில் ஒன்றில் கார் நுழைகிற கேட். நாலாவது பக்கம் கிளினிக்கின் பின்னறை ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் பிளாஸ்டர் தூள் படிந்திருந்தது.

உடலை எடுத்துப் போயிருந்தார்கள். நான்கு கதவும் திறந்து கிடந்தன. சாய்த்த சீட் சாய்த்தபடி இருந்தது.

இன்ஸ்பெக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கோபமுமாக நின்றாள். அவனைப் பார்த்ததும் சாவியை ஒரு பாதி திருகினாள்.

ஃபேன் ஊளையிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லா வேகமும் வேலை செய்தது. நான்கு நாளாக அவன் ஏங்கிய சத்தம்.

அவள் பானெட்டைத் தூக்கிக் காட்டினாள். எஞ்சினிலிருந்து புகை போகிற குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. புகை முழுக்க பானெட்டுக்கு அடியில். அதற்கு மேலே, முன் கண்ணாடியை ஒட்டி, ஃபேன் காற்றை இழுக்கிற வாய். அந்த வாயைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். புகையை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான்.

பட்டை இல்லை.

"குழாய் லூசாகிறது பழைய வண்டியில சகஜம்," என்றாள். "ரப்பர் எப்படிக் காணாமப் போச்சு? யார் கழட்டினது?"

"நான்தான் மேடம். மோட்டாரை வெளிய எடுக்கணும்னா அதைக் கழட்டித்தான் ஆகணும்."

"திருப்பி மாட்டினியா?"

மாட்டினான். மாட்டியிருப்பான். மூன்றாம் நாள், அந்தக் குத்துக்கு முன்னால்... இல்லை, பின்னாலா? மூன்று நாளில் ஏழு தடவை கழற்றி ஏழு தடவை மாட்டியிருக்கிறான். ஏழாவது தடவை மாட்டினோமா?



"மாட்டினேன்," என்றான். அவன் குரலை அவனே நம்பவில்லை.

கவனக்குறைவால் ஒரு சாவு, இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்று அவள் விளக்கினாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஜீப் வாசலில் நிற்கிறது என்றாள்.

பின்னறையிலிருந்து ஒருவர் வந்தார். முழங்கை வரை பிளாஸ்டர் வெள்ளை. ஒல்லியான விரல்கள். டாக்டர் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாக மாமாவின் கிளினிக்கில் பல் செட் செய்கிறவர். அக்காவுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு கரன்ட்டைப் பார்த்தார்.

"பாவம். வேணும்னா செஞ்சிருப்பார்? ஏதோ மறந்திருப்பார்."

இரக்கம்தான். அந்த இரக்கமே கரன்ட்டின் கழுத்தை நெரித்தது.

"மேடம், காலைல ஒன்பது மணிக்கு இந்த ஃபேன் ஓடலை. டாக்டரே போன் பண்ணித் திட்டினார்."

"போன் வந்தது தெரியும். திட்டினாரா பாராட்டினாரா, யாருக்குத் தெரியும்?"

"என்னைப் போய் யார் பாராட்டுவாங்க மேடம்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்புறம்தான் புரிந்தது. பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

கரன்ட்டு விடவில்லை. ஒன்பது மணிக்கு ஓடாத ஃபேன் மதியம் டாக்டர் தூங்குகிறபோது ஓடுகிறது என்றால், நடுவில் எவனோ அதைச் சரி செய்திருக்கிறான். ஃபேன் ஓடினால்தான் புகை உள்ளே வரும். சரி செய்தவனுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. எங்கே சரி செய்தான் என்று காட்டுகிறேன், கால் மணி நேரம் கொடுங்கள் என்றான்.

"நாலு நாள்ல கிடைக்காதது கால் மணி நேரத்துலயா?"

"அப்ப கோளாறைத் தேடினேன் மேடம். இப்ப எவனோ செஞ்ச வேலையைத் தேடறேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம்."

*

தலை பிரேக் பெடலுக்கு அடியில். கால் சீட்டுக்கு மேல். கரன்ட்டு தலைகீழாகத் தொங்கினான்.

ஸ்விட்ச் அவன் போட்டது. ரெசிஸ்டர் அவன் போட்டது. பிளக் அவன் செருகியது. மீட்டரை வைத்தான். பன்னிரண்டு. எரிச்சலாக வந்தது. செத்தபோதும் பன்னிரண்டு, பிழைத்தபோதும் பன்னிரண்டு! இந்தச் சனியன் உண்மையே பேசாதா?

மூன்று நிமிஷம் போயிற்று.

ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டு போனான். சிவப்பு... ஒன்றுமில்லை. நீலம்... ஒன்றுமில்லை. முட்டி டேஷ்போர்டில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஏழு நிமிஷம்.

ஜன்னல் வழியே பின்னறை தலைகீழாகத் தெரிந்தது. பிளாஸ்டர் அச்சுகள், சின்னச் சின்ன தீச்சுடர் விளக்குகள், நடுவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஓர் இயந்திரம், ஃபிரிட்ஜ் உயரத்துக்கு. அது என்ன என்று கான்ஸ்டபிளைக் கேட்டான். பல் செய்கிற மெஷின், பதினோரு நிமிஷத்துக்கு ஒரு பல் கடைந்து தள்ளுமாம், அடுத்த மாதத்திலிருந்து அந்த அறையில் ஆளே வேண்டாமாம் என்று ரிசப்ஷன் பெண் சொன்னதை அவர் ஒப்பித்தார்.

எட்டு நிமிஷம்.

கறுப்பு ஒயர். ஃபேனிலிருந்து கிளம்பி, விரிப்புக்கு அடியில் புகுந்து, கதவோரத்தில் வண்டியின் இரும்போடு முடிகிற எர்த் ஒயர். இரும்பு மடிப்பில் அது வளைகிற இடத்தில் விரல் நின்றது.

அரிசி மணி அளவு தடிப்பு.

மேலே புதிதாகப் போட்டிருந்த உறையைப் பிளேடால் கீறினான். உள்ளே ஈயப் பற்று. பாதரசத் துளி மாதிரி மினுங்கியது. ஒரு பிசிறு இல்லை. ஒரு கரி இல்லை.

பத்தொன்பது வருஷத்தில் அவன் இப்படி ஒன்று வைத்ததில்லை. கொலைக்கேஸை மறந்து ஒரு கணம் பொறாமைப்பட்டான்.

"மேடம், கிடைச்சிடுச்சு. இது என் கை இல்லை."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள்.

"ஒயர் ஒட்டினது. நீ ஒயர் ஒட்டறவன். வேற யார் கைங்கற?"

"என் வேலை இவ்வளவு நல்லா இருக்காது மேடம்."

"கோர்ட்ல போய் இதைச் சொல்லு. ஜட்ஜ் சிரிப்பார்." அவள் நிமிர்ந்தாள். "ஏறு ஜீப்ல."

கரன்ட்டுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தாட்சியைக் கண்டுபிடித்துத் தானே தன் தலையில் கட்டிக்கொண்டாயிற்று.

அப்போதுதான் பார்த்தான்.

பல் செட் மச்சினன் இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். காரைப் பார்க்கவில்லை. கரன்ட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பாடுகிற மகளைக் கூட்டத்தில் நின்று பார்க்கிற அப்பனைப் போல.

கரன்ட்டுக்குள் ஏதோ ஓடியது.

"சரி மேடம்," என்றான். "ஒத்துக்கறேன். என் வேலைதான்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்தாள். "இப்பத்தான் வழிக்கு வர்ற."

"அவசரத்துல பண்ணது. சொல்லவே வெக்கமா இருக்கு. பாருங்க, எப்படிக் கோணிக்கிட்டிருக்கு. தொழிலுக்குப் புதுசா வந்தவன்கூட இப்படி அசிங்கமா வைக்க மாட்டான்."

மச்சினனின் தாடை ஒரு தடவை அசைந்தது.

"ஈயம் வேற ஒரு பக்கமா வழிஞ்சிருக்கு."

"எங்க வழிஞ்சிருக்கு?"

ரொம்ப மெதுவான குரல். கரன்ட்டு திரும்பாமலே கையை நீட்டினான்.

"இதோ சார். இந்தப் பக்கம் இழுவிக்கிட்டு."

"அது இழுவலை. ஒயர் வளையற இடம் அது. ஓரத்துல மெலிசா விட்டாத்தான் முறியாது."

"அட விடுங்க சார். ரெண்டு முனையையும் சேர்த்து முறுக்கி ஒரு பொட்டு ஈயம். இதுக்குப் போய் என்ன பெரிய கைவேலை? பதினோரு நிமிஷத்துல மெஷினே செஞ்சிடும்."

"முறுக்கலைய்யா!"

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார்.

"உறை நல்லாத்தான் இருந்தது. உள்ள இருபது இழையில பத்தொன்பது அறுந்து பச்சை பூத்திருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் ஒட்டிக்கிட்டிருந்தது. உன் மீட்டரை ஏமாத்த அது போதும், மோட்டாரைச் சுத்தப் போதாது. ஒவ்வொரு இழையாப் பிரிச்சு, சுரண்டி, எதிர் இழையோட பின்னி..."

நிறுத்தினார்.

முற்றத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சாவியை யாரும் அணைத்திருக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். ஜலதோஷம் காணாமல் போயிருந்தது. "பின்னி?"

*

அவர் ஓடவில்லை. காரின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்டர் கையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷத்தில் மாமா ஒரு பல்லைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அதைப் பொறுத்துக்கொண்டார். மெஷின் வந்து இறங்கியதைப் பொறுக்க முடியவில்லை. வண்டி பட்டறைக்குப் போன அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். பழி விழ ஓர் ஆள் தயார். வண்டி திரும்பி வந்தால் குழாயும் ரப்பரும் கால் மணி நேர வேலை. ஆனால் ஃபேன் ஓடாமல் என்ன செய்வது? மூன்று நாள் காத்திருந்தார். நேற்று வண்டி வந்தும் ஃபேன் ஓடவில்லை என்றதும், டாக்டர் கரன்ட்டைத் திட்டியதைவிட இவர் அதிகமாகத் திட்டினார். கடைசியில், பத்து மணிக்கு டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தாமே உட்கார்ந்து சரி செய்தார். குழாயைத் தளர்த்தி, ரப்பரைக் கழற்றிவிட்டு, ஃபேன் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது என்று மாமாவிடம் போய்ச் சொன்னார்.

கான்ஸ்டபிள் பின்னறையைத் துழாவினார். ரப்பர் பட்டை பிளாஸ்டர் கழிவுத் தொட்டியில் மூன்று துண்டாகக் கிடந்தது.

ஏழாவது தடவையும் மாட்டியிருக்கிறோம். கரன்ட்டு மூச்சு விட்டான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்து, அந்த ஈயப் பற்றை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டார். கண் நிறைந்துவிட்டது.

கையில் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். கரன்ட்டை நாளைக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். வேறு யாராவது என்றால் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டைப் பார்க்கப் போயிருப்பான்.

கரன்ட்டு போகவில்லை. முகத்தில் நான்கு நாள் எரிச்சல் அப்படியே இருந்தது. ஜீப் கிளம்பியதும் கூடவே ஓடினான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சார், ஒரு நிமிஷம்! உறையைக் கிழிக்கறதுக்கு முன்னாடியே, கோளாறு அந்த இடத்துலதான்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? அதை மட்டும் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போங்க!"