வெளுத்துப்போன கிடாய்த் தொப்பிகள்

இடுப்பு கழன்று தனியாக விழுந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

காலை ஐந்து மணியிலிருந்து பன்னிரண்டு கிடாய்கள். ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, முட்டியால் நெஞ்சை அழுத்தி, தலையில் கட்டியிருந்த துணித் தொப்பியை அவிழ்க்க வேண்டும். பத்து நாளைக்கு முன்னால் கட்டும்போது முட்டிய அதே கிடாய்கள், கழற்றும்போதும் முட்டின. கடைசிக் கிடாய் குறிபார்த்து இடுப்பிலேயே வைத்தது.

தொப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூட வாசல் வரை வந்துவிட்டாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் குளிர்ப்பெட்டி. ஆனால் வாசலில் ஒரு பெஞ்சு இருந்ததே... பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, பத்தே பத்து நிமிஷம் என்று காலை நீட்டினாள்.

கண்ணைத் திறந்தபோது பை இல்லை. பக்கத்தில் கிடந்த ஆய்வுக்கூடத்து அழுக்குக் கோட்டு மூட்டையும் இல்லை.

இன்று லாண்டரிக்காரன் வரும் நாள்!

விலங்குகள் வாடையால் பேசிக்கொள்வதைப் படிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதுதான் சோறு. பருவமில்லாத காலத்தில் சும்மா மேய்ந்துகொண்டிருக்கும் பெட்டை ஆடு, கிடாயின் வாடை பட்டதும் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த வாடை கிடாயின் தலைமயிரிலிருந்து கிளம்புகிறது. அதைத் துணியில் பிடிக்கத்தான் தொப்பி. ஆறு முழுக் கிடாய், ஆறு காயடித்த கிடாய். இருபது நாளில் ஆய்வுக்குழு வருகிறது. சோதனை தேறினால் இன்னும் மூன்று வருஷம் வேலை. தேறாவிட்டால் ஆடுகளுக்கு வேறிடம், அவளுக்கு வீடு.

ஓடினாள். பாதித் தெருவில் மழை பிடித்துக்கொண்டது.

தெருமுனை லாண்டரியின் பின்கட்டில் ஆவி மூட்டம். அதற்கு நடுவே ஒரு கொடி. கொடியில் பன்னிரண்டு தொப்பிகள்... பால் வெள்ளையில், வரிசையாக, சொட்டிக்கொண்டு!

"வாங்க மேடம்!" அவன் தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். முகமெல்லாம் பெருமை. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு அழுக்கைப் பாத்ததில்ல. மூணு தண்ணி விட்டேன். இப்பப் பாருங்க, கண்ணு கூசுது!"

"யோவ்... என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"தோச்சேன்."

"அதைத் தோய்க்கச் சொல்லி யாரு சொன்னது?"

"லாண்டரிக்காரன்கிட்ட வந்த துணிய வேற என்ன பண்ணுவாங்க மேடம்? தாலாட்டா பாடுவாங்க?"

"அது துணி இல்ல! அது என் சோதனை! பத்து நாள் கிடாய் தலையில இருந்த வாடை! அழுக்குதான்யா அதுல விஷயமே!"

அவன் கொடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஆவியில் சிவந்த கண்கள். இடது இமையில் ஒரு பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. திட்ட வாயெடுத்தவளுக்கு, அதை ஊதிவிட்டால் என்ன என்று தோன்றியது... சீ, என்ன நினைப்பு இது!

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். மழையில் நனைந்த அவள் உடம்பிலிருந்து பன்னிரண்டு கிடாய்களும் ஒன்றாகக் கிளம்பியிருந்தன. கல்லாவில் நின்ற அவன் தங்கை துப்பட்டாவால் மூக்கை மூடியாகிவிட்டது. துணி வாங்க வந்த ஆள் வாங்காமலே போய்விட்டார். இவன் மட்டும் ஒரு முழ தூரத்தில், முகம் சுளிக்காமல் நின்றான்.

"தப்பு என்னுதுதான்," என்றான். "நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். கிடாய் எத்தனை கனம் இருக்கும்?"

"அறுபது கிலோ. எதுக்கு?"

"நனைஞ்ச கம்பளி மூட்டையும் அவ்வளவுதான். அது முட்டாது, அவ்வளவுதானே வித்தியாசம்?"

மறுநாள் முதல் கிடாயிடமே அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டான். குப்புற விழுந்து எழுந்து, "கம்பளியே தேவலாம் மேடம்," என்றான். ஆனால் விடவில்லை. சிறு வயதிலிருந்து ஈரத்துணி பிழிந்த கை. ஒருமுறை கொம்பைப் பிடித்தால் கிடாய் நகராது. அவள் இரண்டு நிமிஷத்தில் தொப்பியைக் கட்டி முடித்தாள். இடுப்பு அவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னது. வாய் சொல்லவில்லை. தோய்த்தவன்தானே, அனுபவிக்கட்டும்!

தினமும் கடை வேலை முடித்து நாலு மணிக்கு வந்தான். தொப்பி நழுவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கேண்டீனில் டீ.

கேண்டீனில் அவளுக்கென்று ஒரு மேஜை உண்டு. அவள் கேட்டு வாங்கியதல்ல. அவள் உட்கார்ந்தால் பக்கத்து மேஜைகளும் சேர்ந்து காலியாகிவிடும். பழகிப்போயிருந்தது. போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள் ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார்கள்; பிறகு காற்றாட வாசலில் உட்காருகிறோம் என்றார்கள்; பிறகு வாசலிலும் இல்லை. அதிலிருந்து அம்மா போன் செய்தால் முதல் கேள்வியே, "குளிச்சியாடி?"

இவன் மட்டும் டீ கிளாஸோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். இரண்டாம் நாள் எதிரில் இல்லை, பக்கத்தில்.

"இங்க எல்லாரும் உங்களை ஆட்டு மேடம்னுதான் சொல்றாங்க. கோவம் வராதா?"

"ஆட்டுக்கு வந்தா எனக்கும் வரும்."

அவன் சிரித்தான். டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வீடு வரை அவள் கூடவே வந்தது...

'இவனுக்கு மட்டும் ஏன் என் வாடை உறைக்கவில்லை? ஒருவேளை... ஒருத்தரைப் பிடித்துவிட்டால் உறைக்காதோ?' ஆராய்ச்சிக்காரி இப்படி யோசிக்கக் கூடாது. யோசித்தாள். அன்றைக்கு இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்தாள். குளித்துவிட்டு, எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பத்து நாள் முடிந்து தொப்பிகள் வந்ததும் ஒரு சிக்கல். எந்தத் தொப்பி எந்தக் கிடாயுடையது என்று தெரிந்தவர், பெட்டை ஆடு வாலாட்டுவதை எண்ணக் கூடாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்து, ஆடாத வாலும் ஆடியதாகத் தெரியும். அதனால் அவன் தங்கை தொப்பிகளை ஓட்டை போட்ட டப்பாக்களில் அடைத்துக் கலைத்துப் போட்டு, லாண்டரி மையால் தன் இஷ்டத்துக்கு எண் எழுதினாள். எந்த எண் எந்தக் கிடாய் என்ற கணக்கு தங்கையோடு மட்டும். டப்பாவை ஆட்டின் முன் வைத்து, வேலிக்கு இந்தப் பக்கம் குந்தி, வாலை எண்ணும் வேலை அவனுக்கு.

ஐந்து நாள் எண்ணினான். முழங்கால் மரத்துப்போனாலும் எழவில்லை. கோட்டு எண்ணிக்கை எழுதும் நோட்டில் ஒழுங்காக எழுதினான்: 'மூணாம் டப்பா. வெள்ளைப் பெட்டை. நாப்பத்தோரு வாலாட்டு. ஏழாம் டப்பா. அதே பெட்டை. ரெண்டு வாலாட்டு, அதுவும் ஈ உக்காந்ததுக்கு.'

குழு வந்தது. நாலு பேர், நடுவில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், ஓரத்தில் நிறுவனத்தின் இயக்குநர். அவள் பேசி முடித்தாள். முழுக் கிடாயின் டப்பாவுக்கு வால் ஆடியது, காயடித்ததற்கு ஆடவில்லை. எண்கள் அவ்வளவு சுத்தம்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டப்பாவுல ஓட்டை இருக்கே அம்மா. வாலை எண்ணின ஆளுக்கும் மூக்கு இருக்குமே. எது முழுக் கிடாய்னு வாடையே சொல்லிடுமே. அப்புறம் இந்த எண்ணிக்கைக்கு என்ன மரியாதை?"

பதினோரு வருஷமாக அந்த வாடையிலேயே வாழ்ந்து, எண்ணுகிறவன் மூக்குக்கும் அது எட்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை! இயக்குநர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்...

"சார்."

வாசலில் அவன். குழுவுக்குத் தேய்த்த கோட்டுகள் கையில்.

"எண்ணினவன் நான்தான் சார். எனக்கு மூக்கு வேலை செய்யாது."

"என்ன?"

"பதினாலு வயசுல அப்பா கடையில ப்ளீச்சிங் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவினேன். மூணு நாள் மூக்குல ரத்தம். நாலாம் நாள்லேந்து ஒண்ணுமே தெரியல. சாக்கடையும் ஒண்ணு, சென்டும் ஒண்ணு."

பெரியவர் நம்பவில்லை. மூன்றாம் டப்பாவை வரவழைத்துத் தன் கையாலேயே மூடியைத் திறந்தார். அடுத்த நொடி குழு முழுவதும் எதிர்ச்சுவரில் இருந்தது. ஒருவர் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டினார். அவன் தொப்பியை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, "போதுமா சார், இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கணுமா?" என்றான்.

"மூடு! மூடித் தொலைப்பா!" பெரியவர் கைக்குட்டைக்குள்ளிருந்து கத்தினார். பிறகு அவளைப் பார்த்தார். "இப்படி ஒரு ஆளை எங்கேம்மா பிடிச்ச? முப்பது வருஷமா நான் தேடறேன்!"

மூன்று வருஷம் கையெழுத்தானது.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றும் மறுநாளும் லாண்டரிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போனாள், சண்டைக்கு.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"யாராவது கேப்பாங்களா? ‘ஏங்க, உங்க மூக்கு நல்லாருக்கா’ன்னு?" அவள் குரல் உடைந்தது. "இந்த ஊர்ல ஒரே ஒருத்தன் என் பக்கத்துல வந்து உக்காந்தான்னு நான் என்னென்னமோ... மூக்கு இருந்திருந்தா நீங்களும் ஜன்னலைத் திறந்திருப்பீங்க!"

அவன் பதில் சொல்லுமுன் கல்லாவிலிருந்து தங்கை எழுந்து வந்தாள்.

"அக்கா, அவனுக்கு மூக்குதான் இல்ல. கண்ணு ரெண்டும் இருக்கு. நீங்க உக்காந்தா கேண்டீனே எழுந்து போறது தெரியாதா? தெரிஞ்சுதான் வந்து உக்காந்தான். தண்டனை எனக்கு! தினம் சாயங்காலம் அவன் சட்டைக்கு நான் மூணு தண்ணி விடறேன்."

"நீ உள்ள போ," என்றான் அவன்.

"போக மாட்டேன். இந்தக் கடைக்கே மூக்கு நான்தான். துணியில வாடை போச்சா போகலையான்னு பாக்கறது நான். கடை எங்க கைக்கு வந்த ஆறு வருஷமா ரெண்டு பேரும் வெளிய மூச்சு விடல. வாடை தெரியாத லாண்டரிக்காரன்னு தெரிஞ்சா எவன் துணி போடுவான்? அதைப் போய்ச் சபையில சொல்லிட்டு வந்தான். அதோ, பலன்."

தேய்ப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம். இயக்குநர் கையெழுத்து. அடுத்த மாதத்திலிருந்து நிறுவனத்தின் நூற்றிருபது கோட்டுகளும் வேறு லாண்டரிக்கு.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இப்படி ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயைத் தொறந்தீங்க?"

"தொறக்கலைன்னா உங்க வேலை போயிருக்கும். உங்க உழைப்பை ஒரு தடவை நான் கழுவினது போதாதா மேடம்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் தேய்ப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு எந்த வாடையும் தெரியாது. வாஸ்தவம். ஆனா இந்த ரெண்டு நாள் உங்களைப் பாக்கல பாருங்க... கடை பூரா என்னவோ இல்லாத மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் நாலு மணியானா கால் தானா கிளம்புது. நான் படிக்காதவன். உங்க படிப்புல இதுக்கு ஒரு பேர் இருக்கும். நீங்களே சொல்லுங்க."

பதினோரு வருஷப் படிப்பில் அதற்குப் பேர் இல்லை. அவள் காதுமடல் சுட்டது. நிமிர்ந்து அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அஞ்சு நாள் வேலி ஓரமா குந்தி வால் எண்ணினீங்களே... எனக்கும் ஒரு வால் இருந்திருந்தா உங்க நோட்டுல பக்கம் பத்தியிருக்காது."

அவன் வாய் திறந்தபடியே நின்றான். தங்கை கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன நிக்கறீங்க? நான் சொல்லிட்டேன்ல?"

"இல்ல மேடம்... கணக்குல எழுதிக்கலாமான்னு பாக்கறேன்."

"முதல்ல இந்த மேடத்தை நிறுத்துங்க. எனக்கு ஒரு பேர் இருக்கு."

"தெரியும். கோட்டுக் காலர்ல நான்தானே மையால எழுதறேன். எழுத வருது... வாயிலதான் வர மாட்டேங்குது."

"அப்ப என் கோட்டு மட்டும் இங்கயே வரும். தினம் ஒண்ணு. எழுதி எழுதிப் பழகுங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். தங்கை எழுந்து கடையின் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, "அண்ணி, தப்பா நினைக்காதீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இயக்குநரிடம் இரண்டு முறை போய்ப் பேசினாள். முதல் முறை பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை உட்காரச் சொல்லவில்லை; நாற்காலியில் வாடை ஒட்டும் என்று பயந்திருப்பார். ஒரு கோட்டு அவனிடம் போகிறது. அவளுக்காக வாய் திறந்து அவன் இழந்ததில் மிச்சம் நூற்றுப்பத்தொன்பது கோட்டுகளின் வேலை. அதை அவள் இன்னும் மீட்டுக் கொடுக்கவில்லை.