கூடவே நகரும் எண்

உனைசியின் எண் பட்டியலில் இல்லை.

ஃபிஜியின் சுவா நகரத்தில், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், நாலு மணி மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க அவள் மறுபடியும் தேடினாள். மக்கள் எந்த செல்போன் கோபுரத்தைவிட்டு எந்தக் கோபுரத்துக்கு, எப்போது நகர்வார்கள் என்று கணிக்கும் கணினி மாதிரி அவள் கட்டியது. சரிபார்க்கத் தன் எண்ணையும் அதில் போட்டிருந்தாள். நாற்பத்தோரு நாள் தடம், சுத்தமாகக் காணோம்.

கடைசியில் பார்த்தால், வினை அவளே எழுதிய விதிதான். ஃபிஜியில் பாதிப் பேர் கையில் இரண்டு போன். இரண்டு எண்கள் எப்போதும் ஒன்றாகவே நகர்ந்தால் ஆள் ஒருவர்தான், ஒன்றை நீக்கிவிடு என்று எழுதிவைத்திருந்தாள். கணினி அவளை நீக்கிவிட்டு இன்னொன்றை வைத்துக்கொண்டது.

"ரெண்டாவது போன எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" பக்கத்து மேசை இசிகேலி இளித்தான். "மாமாவுக்குத் தெரியுமா?"

"வாய மூடுடா. உங்க தீவுப் புத்தி போகுமா? என்கிட்ட இருக்கறது ஒரே போன்."

இரண்டு பேரின் தீவுகளுக்கும் இடையே கேலிமுறை உண்டு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எண்ணின் தடத்தைத் திறந்தாள். அவள் வீடு இருக்கும் நசினு. அவள் ஏறும் பஸ் போகும் வழி. சந்தை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். முதல் வாரம் ஐந்து நிமிடம் பின்னால் வந்தது. பிறகு ஒரு நிமிடம். இந்த வாரம் அதே நொடியில்.

தான் குளிப்பதையும் தூங்குவதையும் யாரோ ஒருவன் பக்கத்திலிருந்தே முகர்ந்துகொண்டிருந்ததாக எண்ணிக் கூசினாள். போதாததற்கு அந்த நாற்றம் வேறு. மீன் கழுவிய தண்ணீரை வாளியில் நாலு நாள் விட்டுவைத்தால் வருமே, அது. சில வாரங்களாகவே பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. இன்று அந்த நாற்றம் தொண்டைவரை இறங்கியது.

"இசி, என் போன எடுத்துக்கிட்டு லாமி வரைக்கும் பஸ்ல போயிட்டு வர்றியா?"

போனை வாங்கியவன் தயங்கினான். "போறேன்க்கா. ஆனா உங்க பின்மண்டை என்ன, ஈரமா இருக்கு? ஏதோ கொழகொழன்னு..." கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். அடுத்தவர் தலையை அங்கே யாரும் தொடமாட்டார்கள்.

"மழைல நனைஞ்சிருக்கும்."

காலையிலிருந்து அவள் வெளியே போகவேயில்லை.

அரை மணி கழித்து அவள் எண் லாமி கோபுரத்துக்கு மாறியது. இன்னொன்று நகரவில்லை. இங்கேயே இருந்தது.

அது போனைத் தொடரவில்லை. அவளைத் தொடர்கிறது.

பட்டியலில் எண்கள் ரகசியக் குறிகளாகத்தான் இருக்கும். அவற்றுக்குரிய உண்மையான எண்கள் இருக்கும் கோப்பை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை போய்விடும். திறந்தாள். மேசைத் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினாள்.

மணி போனது. அறையில் எங்கும் சத்தமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

எடுத்துவிட்டார்கள்.

சளி உறிஞ்சுகிற சத்தம் மட்டும். காதருகே ரிசீவரில் ஒருமுறை. பின்னாலிருந்து இன்னொருமுறை.

திரும்பிப் பார்த்தாள். சுவர். நாற்றம். அவள் திரும்பியபோது அந்தச் சத்தமும் கூடவே திரும்பி, மறுபடி பின்னாலேயே இருந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோனாள். அடர்ந்த சுருள்முடிக்குள் விரல்களை விட்டாள்.

வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. தோல் பிளந்திருந்தது. ஓரத்தில் தடித்த சதை. மேலே ஒன்று. கீழே ஒன்று.

உள்ளே, வரிசையாக, பொடிப்பொடியாக ஆடும் பற்கள்.

விரல்களை இழுத்தாள். வரவில்லை. அவற்றை மெல்லச் சப்பிக்கொண்டே, தொலைபேசிக்குள் அது அவள் குரலில் சொன்னது.

"ஹலோ?"