வெளியிலிருந்து எண்ணிய ஜன்னல்

வெளியிலிருந்து பார்த்தபோது கிர்ஸ்டியின் வீட்டுக்கு இரண்டு ஜன்னல்கள். உள்ளே நுழைந்த ஹெக்டருக்கு ஒன்றுதான் தெரிந்தது.

சதர்லாந்தின் அந்தக் கடலோர மேட்டில் ஆட்களையும் வீடுகளையும் கணக்கெடுக்கும் வேலை, பள்ளிக்கூட வாத்தியாரான அவன் தலையில் விழுந்திருந்தது. ஜன்னல் இருந்தால்தான் அதை அறை என்று எழுத வேண்டும். இதுதான் அரசாங்க விதி. வீட்டுக்குள் போய்ப் புகையில் இருமுவதற்குப் பதிலாக அவன் வெளியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி எண்ணிவிடுவான். சோம்பேறித்தனம்தான். யார் கேட்கப்போகிறார்கள்?

இதுதான் கடைசி வீடு. முடித்தால் கடல் மூடுபனி இறங்குவதற்குள் போய் ஊனாவை மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தபின் மிஞ்சிய ஒரே மகள்.

"ஒரே அறை. ஒரே ஜன்னல்," என்றாள் கிர்ஸ்டி.

"ஜன்னலுக்கு வரி வாங்குறத நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சும்மா. இன்னும் எதுக்கு மறைக்கிறீங்க? ரெண்டு இருக்கு, கண்ணால பாத்தேன்."

"உள்ள நின்னு எண்ணுங்க வாத்தியாரே. பத்து வருஷம் முன்னாடி வந்தவரும் இப்படித்தான் வெளிய நின்னே ரெண்டுன்னு எழுதிட்டுப் போனாரு. அன்னிக்குச் சாயங்காலமே எம்மக அந்த அறைக்குள்ள போயிட்டா."

"எந்த அறைக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள். வெறும் கல். அதற்கு அந்தப் பக்கம் காற்றும் புல்லும்தான்.

"தனியா இருக்க முடியலன்னு தட்டிக்கிட்டே இருக்கா. நீங்களும் எழுதினீங்கன்னா, துணை தேடி உங்க பின்னாலயே வந்துருவா. வேண்டாம்யா."

பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவனுக்கு மனசு வலித்தது. ஆனாலும் கண்ணால் கண்டதை மாற்றி எழுத வரவில்லை. இரண்டு என்று எழுதி, மை காய ஊதினான்.

சுவருக்குள்ளிருந்து யாரோ திருப்பி ஊதினார்கள்.

கடலிலிருந்து ஏறிவந்த மூட்டம் பாதையையும் வேலியையும் ஒவ்வொன்றாக விழுங்க, அழுகிய கடற்பாசி நாற்றம் தொண்டையை அடைக்க, தன் காலடிக்குப் பின்னால் அரை நொடி தள்ளி ஈரப்புல்லில் இன்னொரு வெறுங்கால் பதிகிற சத்தத்தைக் கேட்காததுபோல் பாவித்துக்கொண்டே அவன் நடந்தான். பிறகு ஓடினான்.

வீட்டு வெளிச்சம் தெரிந்தது. பழக்கத்தில் எண்ணினான்.

அவனே கண்ணாடி பதித்த ஜன்னல்கள் இரண்டு.

மூன்று இருந்தன.

அவன் மனைவி மோரக் வாசலுக்கு வந்தாள். "என்னங்க, ஊனா உங்ககிட்ட ஓடிவந்தாளா? இப்பத்தான் சுவர்கிட்ட நின்னு யார்கூடயோ பேசிட்டிருந்தா."

உள்ளே பாய்ந்தான். சுவர். வெறும் கல். தட்டினான். அந்தப் பக்கமிருந்து சின்னத் தட்டல்.

வெளியே ஓடினான். கண்ணாடிக்குப் பின்னால் ஊனா. வாய் அசைந்தது. சத்தமில்லை. கல்லை எடுத்து அடித்தான். கல்மேல் கல் மோதிய ஒலி. கணக்குப் புத்தகத்தை உருவி, கிர்ஸ்டி வீட்டுக்கு எழுதிய எண்ணை விரலால் தேய்த்தான். தாள் கிழிந்தது. ஜன்னல் அப்படியே இருந்தது.

உள்ளே, ஊனாவுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஒரு பெரிய பெண் வந்து உட்கார்ந்தாள். அவனைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். பிறகு குழந்தையின் தலையை வாரத் தொடங்கினாள்.