பெருவிரல் அசையும் வரை

படுக்கை விரிப்பு இன்றைக்கும் நனைந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் சுருட்டினாள். அந்த மௌனம்தான் கணவனுக்குப் பொறுக்கவில்லை.

"மூஞ்சிய இப்படி வச்சுக்கிறதுக்கு, நாலு வார்த்தை திட்டிடேன்!"

"நான் என்னங்க செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல... அதான்! அந்த மிஷினை ஒழுங்கா வச்சிருந்தா இந்நேரம் கொஞ்சமாவது அடங்கியிருக்கும். கடனேன்னு ஒட்டிட்டு ஓடுற!"

அவன் எலக்ட்ரீஷியன். மின்சாரம் தாக்கி ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தது. நடக்க முடியாததைக்கூட ஏற்றுக்கொண்டுவிட்டான். மோட்டார் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்று பழைய முதலாளி கூப்பிட்டும், நாலு பேர் நடுவில் சிறுநீர் கசிந்துவிடுமோ என்று வாசலைத் தாண்ட மறுத்தான்.

அந்த மிஷினுக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம். கணுக்காலின் உள்பக்கம் ஒட்டும் இரண்டு பட்டைகள், அவற்றில் மெல்லிய மின்துடிப்பு. அந்த நரம்பு வழியாகச் சிறுநீர்ப்பையின் அவசரம் தணியலாம், எல்லோருக்கும் பலிக்காது என்று சொல்லித்தான் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ கொடுத்திருந்தாள். பலன் தெரியாவிட்டால் திருப்பித் தர வேண்டும். இன்று மாலை பிசியோ வருகிறாள்.

காலின் பெருவிரல் துடித்தால்தான் அளவு சரி; அதுவரை மிஷினின் திருகை ஏற்றிவிட்டு மனைவி துவைக்கப் போவாள். அவன் அம்மா, அவளுடைய அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து, "குளிரும்" என்று போர்வையை இழுத்துவிடுவாள். தினமும் இப்படித்தான்.

இன்று தலையணை உறையை எடுக்கத் திரும்பி வந்தவளுக்கு, கடைசியாக ஒருமுறை அந்த விரலைப் பார்க்கத் தோன்றியது. போர்வையை விலக்கினாள். விரல் அசையவே இல்லை. திருகு அடிமட்டத்தில் இருந்தது. அத்தையின் கை இன்னும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

"நீங்களா அத்தை?... தினமுமா?"

"கரண்ட்டும்மா! அதுதானே அவனைக் கீழ தள்ளுச்சு... மறுபடி அதையே நீ அவன் கால்ல வைக்கிற. சுட்டாக்கூட அவனுக்குத் தெரியாதே... கத்த மாட்டானே!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அவர் என்னைத் திட்டும்போதெல்லாம் இங்கேதானே உட்கார்ந்திருந்தீங்க..."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தன் மனதில் எங்கோ ஒளிந்திருக்கும் சலிப்புதான் கைவழியே இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கிறதோ என்றுகூட இத்தனை நாளும் பயந்திருந்தாளே!

தரையில் உட்கார்ந்தாள். பட்டைகளைத் தன் கணுக்காலில் ஒட்டித் திருகினாள். அவளுடைய பெருவிரல் துள்ளியது.

"பாருங்க. எறும்பு ஊர்ற மாதிரி... அவ்வளவுதான்."

அத்தை குனிந்து மருமகளின் பாதத்தைப் பிடித்தாள்.

"ஐயோ, கால்ல கை வைக்காதீங்க அத்தை!"

"சும்மா இரு..."

அத்தை கையை எடுக்கவில்லை.

கணவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "நான்... உன்னைப் போய்..."

"பரவாயில்லைன்னு சொல்லணும். இன்னிக்கு வாய் வரலைங்க."

"சொல்லாதே. பிசியோகிட்ட நானே பேசுறேன். நீ சரியாத்தான் வச்சே, வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு சொல்றேன்."

தன் சிறுநீரைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

பட்டைகள் அவன் காலுக்குத் திரும்பின. இம்முறை அத்தையே திருகினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"கண்ணைத் திறந்து பாரும்மா, விரல் ஆடுது!" என்றான் அவன்.

போர்வையை யாரும் இழுக்கவில்லை.

அவள் பின்கட்டில் அந்த விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது மறுமுனை திடீரென்று லேசானது. அத்தை பிடித்திருந்தாள், முகமெல்லாம் ஈரமாக.

"நல்லா முறுக்குங்க அத்தை."

எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.